வாய் தவறியது என்று சொல்லச் சொல்கிறார்கள்

பிப்ரவரி 4, புதன்

மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று "வக்கீலண்ணன் வாழ்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வருகிறது. ஆனால் கடைசி எழுத்தில் குரல் உட்கார்ந்துவிடுகிறது. பக்கெட்டோடு மேலே வந்த மருமகள், "யாரோட பேசறீங்க அத்தை?" என்றாள்.

"பெட்ஷீட்டோட."

"அது என்ன சொல்லுது?"

"உன் வேலையைப் பாருன்னு சொல்லுது."

கூட்டணி முடிவாகிவிட்டது. எங்கள் கட்சியும், இத்தனை காலம் எதிரில் நின்ற வக்கீலண்ணன் கட்சியும் இந்த உள்ளாட்சித் தேர்தலில் சேர்ந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கட்சிக்கும் பொதுவாக ஊர்வலம், முடிவில் மைதானத்தில் கூட்டம். வழக்கம்போல் கோஷம் நான்தான். நாற்பது வருஷமாக இந்த ஊரில் எங்கள் கட்சி ஊர்வலம் என் தொண்டை இல்லாமல் நகர்ந்ததில்லை. மற்றவர்கள் ஒலிபெருக்கியைக் கடித்துக்கொண்டு கத்துவார்கள். எனக்கு வெறும் வாயே போதும். மைக்கக்கா என்று பெயர் சும்மா வரவில்லை.

வக்கீல் பெயருக்குப் பின்னால் இதுவரை நான் போட்டது ஒரே வார்த்தை. ஒழிக.

பிப்ரவரி 5

இந்த ஒரு தடவை வேறு யாரையாவது கோஷம் போடச் சொல் என்று மகனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

"அம்மா, இப்பத்தான் மாவட்டம் என் பேரைப் பட்டியல்ல எழுதியிருக்கார். நீ வரலைன்னா என்ன நினைப்பார்?"

மாவட்டச் செயலாளரை நாங்கள் மாவட்டம் என்றுதான் சொல்வோம். எங்கள் வார்டில் மகனை நிறுத்துவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மீசை முளைக்கும் முன்பே போஸ்டர் ஒட்டப் போன பிள்ளை. பசை வாளியைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கியே போயிற்று. கிளைச் செயலாளர் ஆகி, ஊரார் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் அலைந்து தலையும் நரைத்துவிட்டது. இந்த முறை விட்டால் அவனுக்கு இனி இல்லை. எனக்குத் தெரியாதா அது?

"அரசியல்ல நேத்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. நாளைக்கு மட்டும்தான்" என்றான்.

"நேத்து இல்லாமத்தான் நீ பொறந்தியாடா?"

பேத்தி சிரித்துவிட்டாள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். கேட்டிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 6

பேத்தி காலேஜில் படிக்கிறவள். எதையும் சும்மா விடமாட்டாள். "கொள்கை பிடிச்சா பாட்டி கட்சியில சேர்ந்தீங்க?" என்கிறாள்.

அந்தச் சொல்லே அப்போது எனக்குத் தெரியாது என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தானே. கொள்கை விளக்கப் புத்தகத்தைப் பின்னால் வாங்கி அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பாதி புரிந்தது. ஆனால் சேர்ந்தது அதற்காக இல்லை. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நகராட்சி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் சீழுமாக வரும் துணியை வெறும் கையால் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுப்போம். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். வீட்டில் உப்பைத் தொட்டால் உயிர் போகும். அந்தக் கட்டடத்தில் எத்தனை டாக்டர்கள்! எங்கள் கையை ஒருத்தர் பார்த்ததில்லை. ஒரு நாள் சங்கத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார், எங்கள் கட்சிக்காரர். ஓட்டும் கேட்கவில்லை, சந்தாவும் கேட்கவில்லை. "கையைக் காட்டுங்க" என்றார். வரிசையாக நின்று காட்டினோம். அவர் கண் கலங்கவெல்லாம் இல்லை. ஒவ்வொரு கையாக நிதானமாகப் பார்த்தார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ரப்பர் கிளவுஸ் வந்தது. நான் கட்சியானேன்.

அப்புறம் நகராட்சி வக்கீல் கட்சியின் கைக்குப் போயிற்று. அவரே தலைவர். சலவையைக் குத்தகைக்கு விட்டு எங்களை வெளியே நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். பந்தலைப் பிய்க்கச் சொன்னது வக்கீல். எழுந்திருக்காதவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள் — நாங்கள் துணி அலசுகிற அதே குழாயால். நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு எழுந்தபோது என் வாயில் வந்ததுதான் அந்த முதல் கோஷம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

 பேத்தி, "அப்ப ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போவீங்க?" என்றாள்.

கட்சி சொல்லுது, போறேன். அப்படித்தான் அவளுக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 9

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஊர்வலம் முழுக்கச் சமாளித்தேன். சின்னம், விலைவாசி, குடிதண்ணீர் என்று பொதுக் கோஷமாகவே ஓட்டினேன். மைதானத்துக்குள் நுழையும்போது வக்கீலை மேடையில் ஏற்றினார்கள். அவருக்கும் வயதாகிவிட்டது, ரெண்டு பேர் கையைப் பிடித்தார்கள். மாவட்டம் மேலேயிருந்து என்னைப் பார்த்து விரலை ஆட்டினார், போடு என்று. மூச்சை இழுத்தேன்.

"வக்கீலண்ணன்—"

மைதானம் அடங்கியது.

"—ஒழிக!"

காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதோடு போயிருந்தால் கிழவி உளறிவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் கோஷம் என்பது நான் பாதி, கூட்டம் பாதி. எங்கள் ஆட்கள் என் குரலுக்குப் பழகியவர்கள். யோசிப்பார்களா? "ஒழிக! ஒழிக!" என்று மைதானமே அதிரக் கொடுத்தார்கள். அதுவும் எத்தனை சந்தோஷமாக! மேடையில் வக்கீல் கூட்டத்துக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். சத்தம் நின்ற பிறகும் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

டீ விற்கிறவன் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான்.

மகன் முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 10

மாவட்டம் வீட்டுக்கே வந்தார். எப்போதும் செருப்போடு கூடம் வரை வருகிறவர் இன்று வாசலில் கழற்றினார். அப்போதே பயந்தேன்.

"அக்கா, நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்."

மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"சனிக்கிழமை செயல்வீரர் கூட்டம். ரெண்டு கட்சி ஆளுங்களும் வர்றாங்க. மைக்ல ஏறி, வாய் தவறிடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை. வக்கீல் சிரிச்சுட்டு விட்டுடுவார். இல்லைன்னா…" மகனைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி பேரை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பட்டியல்ல வைக்கிறது?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். வழியனுப்பப் போன மகன் கார் போன பிறகும் தெருவிலேயே நின்றான்.

வாய் தவறிடுச்சாம்! மழையிலும் வெயிலிலும், போலீஸ் லாரியில் அள்ளிப் போட்டபோதும் இந்த வாயிலிருந்து ஒரு சொல் இடம் மாறி விழுந்ததில்லை. அதை வைத்துத்தானே இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தேன். படிப்பா இருக்கிறது எனக்கு, பட்டமா?

பிப்ரவரி 11

இந்த வீட்டில் ஆளுக்கொரு அரசியல்.

மருமகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசினாள். "எனக்கு ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் அத்தை. குழாயில தண்ணி வர வச்சவங்களுக்குப் போடுவேன். அடுத்த தடவை வேற ஆள் வர வச்சா அவங்களுக்கு." கையைத் துடைத்தாள். "ஆனா அவர் கவுன்சிலரானா நிமிர்ந்து நடப்பார். அதுக்காகச் சொல்லிடுங்களேன்." இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்காத பெண். முதல் தடவையாகக் கேட்கிறாள்.

பேத்தி வேறு பாட்டு. "மன்னிப்புக் கேட்டீங்க, நான் உங்ககூடப் பேசமாட்டேன்."

"கேட்கலைன்னா உங்கப்பன் பேசமாட்டான். ஆக மொத்தம் எனக்கு யாராவது ஒருத்தர் மிச்சம்."

"விளையாடாதீங்க பாட்டி."

"சரி, நீ எந்தக் கட்சி? அதையாவது சொல்லு."

"எந்தக் கட்சியும் இல்லை. மனசுல பட்டதைச் சொல்ல விடற இடம் எதுவோ, அங்க இருப்பேன்."

"கண்டுபிடிச்சா எனக்கும் வழி சொல்லு" என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கிண்டலாகச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

மகன் எந்த விளக்கமும் சொல்லவில்லை. "எனக்காகம்மா" என்றான். அவ்வளவுதான்.

அது போதாதா ஒரு தாய்க்கு? போதாதா?

பிப்ரவரி 12

சோடாபுட்டி வீட்டுக்குப் போனேன். சலவைக்கூடத்தில் என் பக்கத்துத் தொட்டி அவளுடையது. அப்போதே தடிக் கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். பந்தலில் என்னோடு நனைந்தவள். அவளாவது தைரியம் சொல்வாள் என்று போனால் —

"ஏண்டி, வயசான மனுஷன். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடேன்."

"நீயா சொல்றே? உன் மேலயும்தானே தண்ணி அடிச்சாங்க?"

"அடிச்சாங்க. யார் இல்லைன்னா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா நான் எப்பவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

எனக்குப் புரியவே நேரமாயிற்று. அவள் வீட்டுக்காரரைச் செய்யாத திருட்டுக்காக ஸ்டேஷனில் போட்டு அடித்தபோது, வக்கீல்தான் போய் வெளியே எடுத்தாராம். நடக்க முடியாதவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டாராம். சட்டையெல்லாம் ரத்தமாம். அதை அவளே துவைத்துக் கொடுத்தாளாம்.

"அப்புறம் எதுக்குடி என்கூட நின்னு ஒழிகன்னு கத்தினே?"

"கத்தினது உனக்காக. போட்டது அவருக்காக. ரெண்டும் என் வாயும் என் கையும்தானே, உனக்கென்ன?"

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கோபம் தங்கவில்லை. எங்கள் கையைப் பார்க்க ஒருத்தர் வந்தார். அவள் புருஷனைத் தூக்க இன்னொருத்தர் வந்தார். அப்படியானால் கட்சி என்பது இவ்வளவுதானா — நாம் விழுந்து கிடந்தபோது யார் முதலில் வந்தார்கள் என்பதா?

பிப்ரவரி 13

தவறியதா, வேண்டுமென்று செய்தேனா? இங்கே பொய் சொல்லி யாரை ஏமாற்ற? வேண்டுமென்று செய்யவில்லை. வாழ்க என்று சொல்லத்தான் மூச்செடுத்தேன்.

அப்புறம் என்ன? மாவட்டம் சொல்லச் சொல்வதில் பொய்யே இல்லையே. பின்னே ஏன் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காக.

பிப்ரவரி 14, சனி

சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். மகனே கூட்டிப் போனான், வண்டியில் பின்னால் உட்கார வைத்து. மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியில் வக்கீல். மாவட்டம் என்னை அவரிடம் கூட்டிப்போய், "நம்ம அக்கா" என்றார். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார். "அன்னைக்கு நடந்ததை மறந்துடுங்கம்மா. எந்தப் பகுதி நீங்க?"

"ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல இருந்தேன்" என்றேன். அவர் முகத்தையே பார்த்தேன்.

"அப்படியா. நல்லதும்மா, நல்லது" என்றார்.

தெரியவில்லை. அந்த மனிதருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. பந்தல், குழாய், நாங்கள், எதுவுமே. நான் ஒருத்திதான் இத்தனை வருஷமும் சுமந்திருக்கிறேன். நானும் வாய் தவறியது என்று சொல்லிவிட்டால், அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாதா?

மைக் முன்னால் நின்றேன். எனக்குப் பழக்கமில்லாத சாமான். என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது.

"வாய் தவறிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. வாய் தவறலைங்க. அதுக்குத் தெரிஞ்சதைத்தான் அது சொல்லுச்சு. வாழ்க சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சும் அன்னைக்கு நான் வந்தேன் பாருங்க, அதுதான் தப்பு. ஒரு பெரிய மனுஷரை மேடையில நிக்க வச்சு அப்படிச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. சொன்ன வார்த்தையை என்னால திரும்ப வாங்க முடியாது."

இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை, திட்டவும் இல்லை. மகனைத் தேடினேன். வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை. நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 15

என்னை மகளிரணிப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். செல்போனில் வந்ததை மருமகள் படித்துக் காட்டினாள். படிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

பட்டியல் வந்துவிட்டது. எங்கள் வார்டு வக்கீல் கட்சிக்கு. வக்கீலின் மருமகன் நிற்கிறார்.

என்னால்தான் என்று மகன் மருமகளிடம் சொல்லியிருக்கிறான். பேச்சுவார்த்தையின்போதே கொடுத்து முடித்துவிட்டார்கள், சும்மா இழுத்தடித்தார்கள் என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னார்களாம். எது உண்மை? யாரைக் கேட்பது? சொல்ல வேண்டிய மாவட்டம் இப்போது நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

பிப்ரவரி 24

மகன் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறான். தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறான்.

பேத்தி நிறையப் பேசுகிறாள். அது வேறு.

மார்ச் 1, ஞாயிறு

சாயங்காலம் வக்கீல் மருமகனுக்கு ஓட்டுக் கேட்டு ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. நான் வாசலுக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கோஷம் கேட்டது. ஒலிபெருக்கி இல்லாத குரல். யாரிது, மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆளாக இருக்கிறானே என்று காது தானாக அங்கே போயிற்று.

கத்தி அப்படியே நின்றது. என் பிள்ளை.

எத்தனை ஊர்வலத்தில் என் பக்கத்தில் கொடி பிடித்து நடந்திருக்கிறான். அவனுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது எனக்குத் தெரியாது. நான் இருக்கும்போது அவன் எங்கே திறந்தான்?

"வக்கீலண்ணன் வாழ்க!" சுத்தமாக விழுந்தது. கடைசி எழுத்துகூட இறங்கவில்லை. கூட்டமும் வாங்கிக்கொண்டது. பேத்தி ஜன்னலைச் சாத்த எழுந்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

பக்கத்து வீடு வரை வந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. செருப்புகள் தேய்கிற சத்தம் மட்டும் போயிற்று. யாரோ ஒருத்தர் "என்னப்பா?" என்று கேட்டார். 

எங்கள் வீட்டுக்கு அடுத்த தையற்கடையைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் ஆரம்பித்தான்.