சூட்டி நனைத்த மூலை

ராத்தா,

நேற்று கோயில் தேருக்கு வெடி போட்டார்கள். டவுனே அதிர்ந்தது. வாசலில் யார் வந்தாலும் குரைத்து ஊரைக் கூட்டுகிற இந்தப் பெரிய வீராங்கனை சூட்டி, தையல் மெஷினுக்குக் கீழே ஓடி ஒளிந்து, பயத்தில் அங்கேயே பெய்துவிட்டாள். வீட்டுக்குள் இவள் இப்படிச் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். திட்ட மனம் வரவில்லை. பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பின்பக்கம் போய், மிளகுக் கொடியடியில் ஒரு பிடி மண் அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்துத் தரையில் ஊற்றினேன். ஊற்றின பிறகுதான் யோசித்தேன், இனி யாருக்காக மண் போட்டுக் கழுவுகிறேன் என்று. ஈர மண் வாசம் இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தது மகளின் பள்ளிக்கூடச் சட்டையைத் தைக்கக் கொடுக்க. பல்லேபொலப் பக்கத்திலிருந்து சந்தை நாளில் மிளகும் சாதிக்காயும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவீர்கள். அன்றைக்கு அளவெடுத்து முடியப் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சுத்தமான இடம் கொஞ்சம் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டீர்கள். முன்னறையின் மேற்கு மூலையைக் காட்டினேன். அங்கே சுவரில் மாதா படம் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் வாய் திறக்கவில்லை, நான் கொடுத்த பாயைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தை நோக்கித் தொழத் தயங்கி நின்றீர்கள். படத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினேன். மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, நாற்பது வருஷம் மேற்கே இருந்தவர் கிழக்கே போய்ச் சந்தோஷமாகத்தான் இருந்தார். இதைச் சொன்னபோது நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

அன்றிலிருந்து அந்த மூலை உங்களுடையது. சந்தை முடிந்ததும் நேரே இங்கே வருவீர்கள். தொழுதுவிட்டு, ப்ளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வைத்துக்கொண்டு கடைசி பஸ் வரைக்கும் பேசுவோம். நம் இருவர் வீட்டு ஆண்களையும் பற்றி நாம் பேசினது அவர்கள் காதில் விழுந்திருந்தால் இரண்டு குடும்பமும் உருப்பட்டிருக்காது. கிழமையில் மற்ற ஆறு நாளும் நான் மெஷினோடுதான் பேசினேன். அந்த ஒரு பின்னேரத்தை நம்பித்தான் எனக்குக் கிழமை ஓடியது.

பிறகு என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மகன் கட்டாருக்குப் போனான். அம்மா தனியாக இருக்கிறாள் என்று அவனுக்கு அங்கே தூக்கம் வரவில்லையாம். சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டுகிற அவனுடைய கூட்டாளி ஒருநாள் பிஸ்கட் பெட்டி ஒன்றோடு வந்து நின்றான். உள்ளே இது. ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் தெருநாய் போட்ட குட்டி. 'சூட்டி, சூட்டி' என்று அந்தப் பையன் சிங்களத்தில் கொஞ்சிக்கொண்டே இறக்கி வைத்தான். சின்னது என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது. வெளியில் விட்டால் ரோட்டு நாய்கள் கடித்துப் போட்டுவிடும் என்று வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இத்தனை பெரிய வீட்டில், ராத்தா, அந்தக் கழுதைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. வந்த மறுநாளே உங்கள் மூலைக்குப் போய், நான் உங்களுக்கென்று விரித்து வைத்திருந்த பாயில் வட்டமடித்து உட்கார்ந்து, சாவகாசமாகப் பெய்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நாயின் ஈரம் பட்ட இடத்தில் உங்களுக்குத் தொழ முடியாது என்று தெரியும். துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தொழுகிற ஆளிடம் அப்படிச் செய்யலாமா? சந்தை நாளன்று உங்களை கேட்டிலேயே மறித்துச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கழுவினா போற விசயத்துக்கு ஏன் தங்கச்சி அழுறீங்க?" என்றீர்கள்.

பிறகு ரோட்டில் நின்றபடியே விளக்கினீர்கள். ஏழு தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீர். காய்ந்த காலோடு நாய் நடந்துபோனால் குற்றமில்லை, ஈரந்தான் ஆகாது. நீங்கள் போனதும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஏழு தரமும் ஊற்றினேன். சிவப்புச் சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரி ஆனது. விடிந்து பார்த்தால் அதே மூலையில் மறுபடியும் ஒரு குளம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாயைத் தொட்டுப் பார்க்காத நீங்கள், கேட்டுக்கு வெளியே நின்று ஒரு நாயைப் பழக்கினீர்கள். சூட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கத்துக்கே போய்விடுவீர்கள். அங்கிருந்து சத்தம் வரும். எழும்பின உடனே வெளியே, தின்ற உடனே வெளியே, விளையாடி முடிந்த உடனே வெளியே, ஐந்து பிள்ளைகளையும் இப்படித்தான் பழக்கினேன் என்று. நான் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாசத்தில் நமக்குத்தான் ஒன்றும் தெரியாது, அதன் மூக்குக்குப் பழைய வாசம் கிடைக்கும், வினாகிரி கலந்து துடைக்கச் சொன்னீர்கள். கோபத்தில் ஒருநாள் ஈர்க்குமாற்றால் ஒன்று வைத்தேன். அடுத்த நாள் அது மெஷினுக்குப் பின்னால் போய், வெட்டி வைத்திருந்த யார் வீட்டுப் பிள்ளையின் யூனிபோம் துணியிலோ பெய்து வைத்தது. "அடிச்சா நிப்பாட்டாது, ஒளிச்சுத்தான் செய்யும்" என்றீர்கள். உங்கள் குரல் கேட்டால் மட்டும் அந்தச் சனியன் காதை மடக்கிக்கொண்டு உட்காரும். சோறு போட்டவள் நான்.

ஆனால் தொழ இடமில்லாததால் நீங்கள் அஸருக்கு முன்னே வீடு சேரும் பஸ்ஸையே பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டடியில் நின்று அரை மணி நேரம் பேசுவதோடு சரி. ப்ளேன்டீயைக் கம்பிக்கு இடையால் நீட்டுவேன். வெயிலில் நின்று குடிப்பீர்கள். எனக்கு அது தாங்கவில்லை. இதை அந்த த்ரீவீல்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவனுக்குப் போன்கூடப் போட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் முகம் கடுத்ததை முதல்முறை பார்த்தேன்.

"துணைக்கு வந்த உசிர எங்க கொண்டு விடப் போறீங்க? நான் எங்கயும் போகல்லியே."

அந்த வார்த்தையை நம்பித்தானே இருந்தேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் சூட்டி பழகிவிட்டாள். கதவை நகத்தால் பிறாண்டிக் கேட்பாள், வெளியே போவாள், வந்து படுத்துக்கொள்வாள். ஒரு கிழமை முழுக்கத் தரை நனையவில்லை. நீங்கள் சொன்ன கணக்குக்கு ஒரு தரம் குறையாமல் மூலையைக் கழுவியாகிவிட்டது. அன்றே உள்ளே வாங்க என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் திருத்தமாகச் செய்ய வேண்டுமே. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று விட்டேன். பிறகு சுவர் அழுக்காகத் தெரிந்தது, சுண்ணாம்பு அடிக்க ஆள் சொன்னேன். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தேன். பச்சை நிறத்தில் பாய் ஒன்று வாங்கி அலுமாரியில் வைத்தேன். எல்லாம் முடித்து, ஒருநாள் கேட்டை அகலத் திறந்து வைத்து உங்களைத் திகைக்க வைக்கலாம் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசை. நீங்கள் ஒவ்வொரு சந்தைக்கும் "எப்பிடி ஈக்குது, நாய் பழகிட்டுதா?" என்று கேட்பீர்கள். கடைசியாகக் கேட்ட நாளிலும், வீடு பளபளவென்று இருக்கும்போதே, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னும் சரிவரல ராத்தா" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் காலையில் உங்கள் மகள் போன் பண்ணினாள். விடியற்காலை சுபஹ் தொழுத இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். அன்று காலையில் சூட்டி என் மேலெல்லாம் ஏறி விளையாடியிருந்தாள். அப்படியே உங்கள் வீட்டுக்கு வர மனமில்லாமல் தலைக்குக் குளித்து, சேலை மாற்றி, முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸோ ஒவ்வொரு வளைவிலும் ஆளுக்காக நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்கு மய்யித்தை எடுத்துவிட்டிருந்தார்கள். முற்றத்தில் கதிரைகள் மட்டும் இருந்தன. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை ராத்தா.

உங்கள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கையால் யூனிபோம் தைத்துப் போட்ட பிள்ளை, இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. வீடு சரியாகிவிட்டது, இந்தச் சந்தைக்கு உன் உம்மாவைக் கூப்பிட இருந்தேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உம்மாக்கு வரத்தான் ஆசை அன்ட்டி. நீங்களாக் கேளுங்களேன் என்டு நான் சொன்னேன். 'நான் வாயத் திறந்து கேட்டா அவ அந்த நாய விட்டுடுவா. ராவைக்கு அவ தனிய. அது ஈக்கட்டும்' என்டு சொல்லிட்டாங்க."

நான் திரை தைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், எனக்காகத்தான் நீங்கள் வாய் திறக்காமல் வெயிலில் நின்றிருக்கிறீர்கள். இப்படி ஒரு மனசை கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சுவர் அழுக்காயிருந்தால் உங்களுக்கு என்ன, எனக்குத்தான் என்ன? உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை. அதற்கு எந்தத் திரையும் தேவையாக இருக்கவில்லை. இதை நினைத்து நான் எத்தனை தரம் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன் என்பது இந்த நாய்க்குத்தான் தெரியும்.

சில நாள் இவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. நீ மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவள் காதை மடக்கிக்கொண்டு கேட்டிருப்பாள். பிறகு ராத்திரி கேட்டடியில் ஏதாவது சத்தம் கேட்டால் எனக்கு முன்னே எழும்பிப் போய்க் கதவோடு நிற்பாள். அந்த நேரம் இவள் இல்லாமல் என் நிலைமை என்ன என்று நினைப்பேன். நீங்கள் முன்னமே நினைத்துவிட்டீர்கள்.

போன கிழமை மகன் பேசினான். அவனுக்கு அங்கே நல்ல வேலையாம், என்னையும் சில மாதம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளப் போகிறானாம். வீட்டைப் பூட்டிவிட்டு வாங்க, நாயை யாருக்காவது குடுத்துடுங்க, திரும்பி வந்ததும் வேறொன்று எடுத்துத் தாறேன் என்றான். முடியாது என்றேன். ஒரு நாய்க்காகவா அம்மா என்று கேட்டான். இது ராத்தா தந்த நாய் என்று சொன்னேன். அவனுக்குக் குழம்பிவிட்டது.

"என்னம்மா பேசுறீங்க? அத அனுப்பினது நான்தானே?"

"அனுப்பினது நீதான்டா," என்றேன். "தந்தது அவங்க."