பேனையால் நிரப்பிய கட்டங்கள்

எல்லாம் தெரிந்தவருக்கு,

இறுப்பிட்டியில், அக்கா வீட்டில், சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தை விசாரிக்க மனம் வரவில்லை. ஆட்டுக்குக் குழை கட்ட மறக்க வேண்டாம்.

நீங்கள் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் நயினாதீவில் எனக்குத் துணை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் குறுக்கெழுத்துப் போட்டிதான். பென்சிலால் ஒரு நாளைக்கு இரண்டு சொல், மூன்று சொல் எழுதுவேன். பிடிபடாத சொல்லை அடுப்படியிலும் கிணற்றடியிலும் யோசித்துக்கொண்டு திரிவேன். ஒரு பேப்பர் சனிக்கிழமை வரை தாங்கும்.

பென்சன் எடுத்து வந்தீர்கள். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து விடை சொல்லத் தொடங்கினீர்கள். "வேண்டாம், என்ரை பாட்டிலை செய்யவிடுங்கோ" என்று எத்தனை தரம் சொன்னேன்! போன ஞாயிற்றுக்கிழமை இறங்குதுறையிலேயே பேப்பரை வாங்கி, பேனையால் முழுக்க நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினீர்கள். "இந்தாரும், உமக்கு இனிக் கரைச்சல் இல்லை." சிரிப்பு வேறு.

பேப்பர் வந்த அதே வள்ளத்தில்தான் நான் ஏறினேன்.

நேற்றுச் சந்தையில் வள்ளக்காரக் குலசிங்கம் கேட்கிறான்: "அக்கா, வெள்ளிக்கிழமை வீட்டை வாறியளாமே? அண்ணை ஊரெல்லாம் சொல்லுறார்."

நான் எப்போது சொன்னேன்? வருவேனா மாட்டேனா என்று நானே இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அந்தக் கட்டத்தையும் நீங்களே நிரப்பிவிட்டீர்கள்.

இங்கும் பேப்பர் வருகிறது. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை துறையில் வந்து நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் விடை எழுதாதவள்