கேபிளை வெட்டின ஐப்பசி

ஐப்பசி 3, திங்கள்

காலையில் தூறல். மாடியில் டிஷ் குடை மாட்டியாச்சு. ஒருதரம் மாட்டினா முடிஞ்சுது, மாசக் காசு கிடையாது. கேபிள்காரன்கிட்ட பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இந்தத் தெருவுல யாரும் இப்படிச் செய்யலீங்க" என்றான். செய்யாட்டி போகட்டும். என் காட்டுத் தக்காளி விக்கிற வெலைக்கு எனக்கெதுக்கு அத்தனை சேனல்?

பொண்டாட்டி வள்ளி முனகல். "இதுல நம்மூரு சேனல் வராதுங்களே." அதுல என்ன வருது? கல்யாணம், காதுகுத்து, சாவு விளம்பரம். எவன் வூட்டுச் சாவோ எனக்கெதுக்குடி என்றேன்.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. தக்காளிக்கு மருந்து. கயிறு வாங்கணும். செருப்பு தைக்கணும்.

ஓசூர்ல இருக்கிற மகன் அவனோட சினிமா ஆப்பை வள்ளி ஃபோன்ல போட்டுக் கொடுத்தான். காசு அவனுது, படம் எங்களுக்கு. பாதிப் படத்தில் தூங்கிட்டேன். ஓசிப் படம், தூங்கினாலும் நட்டமில்லை.

வள்ளி நடுவுல அரூர்ல இருக்கிற என் தங்கச்சி பேச்சை எடுத்தா. மகனுக்கு அவ பொண்ணைக் கேட்டோம், தராம அரூர்லயே வேற எடத்துல கட்டிக் கொடுத்துட்டா. அன்னைக்கோட மச்சானும் இல்லை, தங்கச்சியும் இல்லை. படத்தைப் பாரு என்றேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

பாலக்கோடு மார்க்கெட். கூடை இறக்கிக்கிட்டு இருந்தேன். எங்க ஊர் மாரியப்பன் பக்கத்துல வந்து நின்னான். "பொறந்த வூட்டுக் கோடித் துணி போட வேண்டிய அண்ணன் நீ. சாவுக்குப் போகாம தக்காளி வித்துக்கிட்டு இருக்கியே. இவ்வளவு வைராக்கியம் ஆகாதுப்பா."

எந்தச் சாவு?

மச்சான், தங்கச்சி புருசன். ஞாயித்துக்கிழமை விடியக்காலை நெஞ்சுவலி. அன்னைக்கே எடுத்துட்டாங்க. நம்மூரு சேனல்ல பகல் பூரா ஓடுச்சாம், போட்டோவோட. கீழ மைத்துனர்னு என் பேரு, ஊரு பேரு. ஊரே படிச்சிருக்கு. ரெண்டு நாளா பக்கத்துக் காட்டுக்காரன் மூஞ்சி குடுக்காம போனது இதுக்குத்தான்.

நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும். பகையாளி கூடப் போவான்.

வூட்டுல வள்ளி அழறா. எவன் வூட்டுச் சாவோன்னு நான் அன்னைக்குச் சொன்னதை அவ சொல்லிக் காட்டலை. சொல்லியிருந்தா தேவலை.

ஐப்பசி 12, புதன்

அரூர் போனோம். பஸ்ஸுல நிக்க எடமில்லை. மஞ்சப் பையில் கோடிச் சேலை.

தங்கச்சி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. எங்களைப் பாத்தும் எந்திரிக்கலை. கத்தி அழுவான்னு நெனச்சேன். அழுது தீந்த குரல்ல சொன்னா: "பெரியவன் உன் பேரை வேணாம்னான். நாந்தாண்ணா போடச் சொன்னேன். பேரைப் பாத்தா நீ வந்துடுவேன்னு, இருட்டற வரைக்கும் எடுக்க விடலை."

கேபிளை எடுத்துட்டேம்மா, தெரியலைம்மா என்றேன். சொல்லும்போதே கேவலமா இருந்துச்சு.

அவ பெரிய மகன் சிரிச்சான். "இந்தக் காலத்துல டி.வி. இல்லாத வூடா மாமா?"

ஃபோன் பண்ணக் கூடாதாடா?

"பேசாத மனுசங்ககிட்ட ஃபோன்ல என்னான்னு ஆரம்பிக்கறது? அதான் டி.வி.யில போட்டோம்."

பையை நீட்டினேன். தங்கச்சி கை நீட்டலை. "கோடி அன்னைக்கே போட்டாச்சு. எதுத்த வூட்டு அண்ணன் போட்டாரு." எதுத்த வூட்டுக்காரர் என்ன சாதி சனமோ. பொறந்த வூடுன்னு அவர் நின்னிருக்கார்.

கோடிச் சேலை திரும்பி வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னா வள்ளி. மோட்டார் ரூம்ல ஆணியில் மாட்டி வெச்சேன். ஒரே கூடப்பொறப்பு.

ஐப்பசி 15, சனி

மழை. கரண்ட் இல்லை. சாவுக்குப் போகலைன்னு மகன் ஃபோன்ல திட்டினான். திட்டட்டும்.

வள்ளி சொல்றா, கருமாதிக்கும் டி.வி.யில போடுவாங்க. கருமாதிக்கும் பொறந்த வூட்டுக் கோடி உண்டு. "உங்க பேரு வந்தா கூப்பிட்டாங்கன்னு அர்த்தம். போலாம்."

கேபிள்காரனுக்கு ஃபோன் பண்ணினேன். குத்திக் காட்டாம வரேன்னுட்டான். அதுதான் சுருக்குன்னுது.

ஐப்பசி 20, வியாழன்

வானம் மப்பு. கேபிள் வந்தாச்சு. குடை மாடியில் சும்மா கெடக்கு. காட்டுக்குப் போகலை. காலையிலிருந்து நம்மூரு சேனல்தான். நகைக்கடை, காதுகுத்து, புதுசா ஒரு பரோட்டாக் கடை.

மதியம் மச்சான் வந்தார். அதே போட்டோவா இருக்கும், சந்தனப் பொட்டோட. திங்கக்கிழமை கருமாதி. கீழ எழுத்து ஓடுச்சு. மனைவி, மகன்கள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், உற்றார் உறவினர். முடிஞ்சு நகைக்கடை வந்துடுச்சு.

வள்ளி எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. "மைத்துனர்னு எங்கீங்க இருந்துச்சு? நான் பாக்கலையே" என்றாள்.

வேகமா போயிடுச்சு, இன்னொரு தரம் ஓடும், இரு என்றேன்.