நீ ஏறாத விமானமும் என் சந்தேகமும்

பிலடெல்பியா,
பிப்ரவரி, ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு அம்மா ஃபிலோமினா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், நான் முழுக்க நம்பவில்லை. அலாஸ்காவில் நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய், அதையும் பாதிதான் நம்புவேன், ஆனாலும் எழுது. என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. உன் அத்தை கொன்செட்டா வந்தால் காரை நிறுத்த வேண்டுமே என்று வாசலில் பனியை அள்ளி, இடம்பிடிக்க ஒரு நாற்காலியும் போட்டுவைத்தேன். எவனோ நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுத் தன் காரை நிறுத்தியிருக்கிறான். எதிர்வீட்டுக்காரன் மேல்தான் எனக்குச் சந்தேகம், கேட்டால் "நானா? சேச்சே, என்னம்மா நீங்க" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பே சரியில்லை.

நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விமானப் பயத்துக்கு சிபிடி என்று ஒரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, "அது உங்க ஊர்ல பிறந்ததுதாம்மா, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்" என்றாய். விசாரிக்கிறேன் என்று சொன்னேனே தவிர மனம் ஒப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மீன் விருந்துக்கு உன் தட்டையும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏற முடியவில்லை, திரும்பிப் போகிறேன் என்று விமான நிலையத்திலிருந்து அழைத்தாய். "பயமாவது ஒண்ணாவது, எல்லாம் சாக்கு அண்ணி, இந்த வீட்டுக்கு வர அவளுக்குப் பிடிக்கல" என்றாள் கொன்செட்டா. வாயை மூடு என்று அவளை அதட்டினேன், ஆனால் அவள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன்னிடம் மறைப்பானேன், அன்றிலிருந்து நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் கேட்டது நீ ஆயிற்றே, போனேன். முதலில் பார்த்த சிகிச்சைக்காரன் சுவர் முழுக்கச் சான்றிதழ்களை மாட்டியிருந்தான். "ஒரே தடவ உக்காந்தா போதும்மா, பயத்த வேரோட பிடுங்கிடலாம்" என்றான். மாகாண அரசு கொடுத்த உரிமம் எங்கே என்றேன், மாட்டியிருந்ததையே சுற்றிச் சுற்றிக் காட்டினானே ஒழிய அது மட்டும் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்தவள் ரோண்டா பெட்டிஃபோர்ட், இவளுடைய உரிமத்தைப் போகுமுன்பே சரிபார்த்துவிட்டேன். மரியாதைக்கு ஒரு டப்பா நிறையச் சோம்பு பிஸ்கட் சுட்டு எடுத்துப் போனேன். "தப்பா நினைக்காதீங்கம்மா, பார்க்க வர்றவங்ககிட்ட எதுவும் வாங்கறதில்ல" என்று தள்ளிவைத்துவிட்டாள். என் பிஸ்கட்டைத் தொடாதவளை எப்படி நம்புவது? பெண்ணுக்குப் பயம் என்றால் இவர்கள் பெற்றவளைத்தான் குறைசொல்வார்கள் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு வேறு போயிருந்தேன். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

நல்லதையே நினை என்று சொல்லி அனுப்புகிற சிகிச்சை என்றுதான் நான் எண்ணியிருந்தேன், அப்படி இல்லையாம். விமானத்தில் மூச்சு நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, நீ திரும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறாய், உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்றாள். அதனால் நினைப்பு உண்மைதானா என்று சோதிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அதன் கிட்டே போக வேண்டும், சும்மா விமான நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பது, அப்புறம் பக்கத்து ஊருக்கு ஒரு சின்னப் பயணம் என்று. வீட்டுப்பாடம்கூடக் கொடுப்பார்களாம். காசும் வாங்கிக்கொண்டு வேலையையும் நம்மிடமே கொடுப்பதா என்றேன், சிரித்தாள். சிரிப்பு பரவாயில்லை. சரி, இவளே போதும் என்று, எப்போது என் பெண்ணைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அவங்க எங்க இருக்காங்க?" என்றாள். அலாஸ்கா என்றதும், "ஐயோ, என் உரிமம் பென்சில்வேனியாவுல இருக்கறவங்களுக்குத்தாம்மா, வீடியோவுலகூட அவங்கள நான் பார்க்க முடியாது" என்கிறாள்! உரிமத்தை அவ்வளவு துருவிப் பார்த்தவள் அது எந்த மாகாணத்துக்குச் செல்லும் என்று பார்க்கவில்லை. கொன்செட்டாவிடம் சொல்லிவிடாதே, ஈஸ்டர் வரை சிரிப்பாள். அலாஸ்கா உரிமம் உள்ளவராகப் பார், வீடியோவில் பேசினாலும் பரவாயில்லை என்றாள். விமானப் பயத்தை எப்படிப் படிப்படியாகக் கையாளுவீர்கள் என்று கேட்கச் சொன்னாள், வழவழ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்.

எழுந்திருக்கப் போனேன். "நேரம் இன்னும் இருக்கு, அவங்க வரலன்னு போன் பண்ணினப்ப உங்க மனசுல என்னம்மா ஓடுச்சு?" என்றாள். என் பெண்ணுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாள். உன் அப்பாவின் திவசப் பூசைக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை என்றேன். எதிராக ஏதாவது உண்டா என்றாள். அன்று உன்னை வழியனுப்ப வந்த உன் சிநேகிதி, அந்த நர்ஸ், போனை வாங்கி, "பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாம்மா, உடம்பெல்லாம் நடுங்குது" என்றாளே, அவளும் உனக்குக் கூட்டு என்று ஒதுக்கிவைத்திருந்தேன். விருந்துக்கு நீ கொண்டுவர இருந்த புகைபோட்ட சால்மன் மீன் பிறகு தபாலில் வந்து சேர்ந்தது. மனசாட்சி உறுத்தியிருக்கும் என்றாள் உன் அத்தை, நானும் தலையாட்டிக்கொண்டே தின்றேன். இதையெல்லாம் அந்த அறையில் என் வாயாலேயே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது ரெனாட்டா. தரையில் உட்கார்ந்து நடுங்கிய பிள்ளையைப் போய் நடிக்கிறாள் என்று நினைத்திருக்கிறேனே.

அப்படியும் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை, நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். அதற்கு அவள், "அவங்களையே கேட்டுருங்களேம்மா. என்ன பதில் வரும்னு நினைக்கறீங்களோ அத முதல்ல எழுதி வைங்க, பதில் வந்ததும் சரியான்னு பாருங்க" என்று எனக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். ஆகவே கேட்கிறேன். உன்னால் விமானத்தில் ஏற முடியவில்லையா, இல்லை என்னிடம் வர விருப்பமில்லையா? இரண்டாவதுதான் என்றால் அதையே எழுது, தாங்கிக்கொள்வேன். முதலாவது என்றால் அங்கே ஒருவரைத் தேடிப் பிடி, எத்தனை மாதமானாலும் ஆகட்டும், உன் தட்டு எங்கும் போய்விடாது.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. யாரைப் பார்த்தாலும் முதலில் உரிமத்தைக் கேள், எந்த மாகாணம் என்றும் கேள். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். என் ஊகத்தை எழுதி மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். பதில் வராது என்று எழுதியிருக்கிறேன். உன் அம்மாவைப் பொய்யாக்கு மகளே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா ஃபிலோமினா