நிறம் பிடிக்காத பெட்டி

மூன்றாம் மாடி மாமா நேற்றுக் காலை வந்து உங்கள் ஆம்ப்ளிஃபையரைக் கேட்டார். செம்பூரில் இருக்கும் அவருடைய மருமானுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்திருக்கிறதாம். சின்னதாக, கையைக் கடிக்காத விலையில், சத்தம் சுத்தமாக வருகிற மாதிரி ஒரு பெட்டி தேடுகிறானாம். "உங்காத்துல சும்மாத்தானே கெடக்கு" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பெட்டியின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால்வுகள் சூடேறி, அவற்றில் படிந்திருந்த தூசி கருகும் வாசனை வந்தது. நம் சாயங்காலங்களின் வாசனை அது. அடுப்பில் ரசம் இருப்பதை மறந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் எழுந்தேன்.

மாமாவிடம் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பெட்டியைத் தராவிட்டாலும், எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லி அனுப்பினேன். கடைக்காரன் வாசித்துக் காட்டினால் மயங்க வேண்டாம். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தந்தியைத் தொடாமல் கேட்க வேண்டும். வாசிக்காத நேரத்தில் பெட்டி எப்படி இருக்கிறதோ அதுதான் அதன் குணம் என்றேன். "இதெல்லாம் நீ எங்கே கத்துண்டே?" என்று கேட்டார். எங்கே கற்றுக்கொண்டேன் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கல்யாணமாகி பம்பாயில் இந்த மாதுங்கா வீட்டுக்கு வந்த புதிதில் உங்களைக் கல்லுளிமங்கன் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஆபீஸ் விட்டு வருவீர்கள், காபி குடிப்பீர்கள், கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்கள். நான் ஏதாவது கேட்டால் ஒரு புன்னகை. இல்லாவிட்டால் ஒரு "ஆமாம்". நாளைக்குக் கறிகாய் என்ன வாங்கட்டும் என்று கேட்பவளிடம் "ஆமாம்" என்று ஒருவர் சொன்னால் அவள் சந்தையில் போய் எதை வாங்குவாள்? நீங்களாகப் பேசினாலும் வாய்க்குள்ளேயே பேசுவீர்கள். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். அழுத்தத்தைப் பார் என்று இன்னும் கோபம் வரும்.

ஆனால் அம்பர்நாத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வேறு மனுஷர். அங்கே தொழிற்சாலையில் வேலையாக இருந்த என் அண்ணாவைப் பார்க்க மாதம் ஒரு தடவை போவோம். ரயில் குர்லாவைத் தாண்டி வேகம் பிடித்ததும் உங்களுக்குப் பேச்சு வந்துவிடும். என் பாட்டி வீட்டுக் கதை, நான் எட்டாம் வகுப்போடு நின்றது, பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்குவீர்கள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வீர்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பீர்கள். தாணாவுக்கு அப்பால் மலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது, இரைச்சலில் ரயில் பெட்டியில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு வருவீர்கள். வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் மறுபடி அதே "ஆமாம்". இவருக்கு ரயிலில் மட்டும்தான் என்மேல் பிரியம் வருகிறது என்று அண்ணாவின் மனைவியான மன்னியிடம் சொல்லி அழுதிருக்கிறேன். "அடுத்த ஜன்மத்துல ரயில்வே கார்டாப் பார்த்துக் கட்டிக்கோ" என்றாள் அவள்.

அந்தக் கிட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கப்பல் கம்பெனி ஆபீஸுக்குப் பக்கத்து ஹோட்டலின் பாண்டு கோஷ்டியில் வாசித்த கோவாக்காரர் ஒருவர், ஊரோடு போகும்போது உங்களிடம் விற்றுவிட்டுப் போனது. மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கவிட்டு வாசிக்கிற ஹவாயியன் கிட்டார். அதன் குழிக்குள் சின்னதாக ஒரு மைக்கும் அதிலிருந்து ஒரு வயரும் இருந்தன. அதில் நீங்கள் தோடி வாசிப்பீர்கள். காந்தாரம் ஆடுகிற ஆட்டத்தில் சமையற்கட்டில் என் கை நின்றுவிடும். வாசிக்கும்போது குனிந்து குனிந்து, கடைசியில் தாடையைக் கிட்டாரின் விளிம்பில் பதித்துக்கொள்வீர்கள். "அதுக்கு ஏதாவது ரகசியம் சொல்றேளா?" என்று கேலி செய்வேன். அதற்கும் ஒரு புன்னகைதான்.

ஒரு நவராத்திரிக்கு நம் சங்கத்தில் உங்களை வாசிக்கச் சொன்னார்கள். தனியாக வாசித்தவரை சரி. மிருதங்கம் சேர்ந்ததும் கிட்டார் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து ஒரு மாமா எழுந்து நின்று "கேக்கலை, கேக்கலை" என்று கத்தினார். நீங்கள் அதைச் சபாஷ் என்று நினைத்து, அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இன்னும் விஸ்தாரமாக ஒரு ஆலாபனையை ஆரம்பித்தீர்கள். சபை சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபையர் என்ற பேச்சே நம் வீட்டுக்குள் வந்தது. ஊருக்குக் கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முதலில் மூன்றாம் மாடி மாமாவின் ரேடியோவில் கிராமபோன் செருகுகிற துளையில் கிட்டாரின் வயரைச் செருகிப் பார்த்தீர்கள். ஜலதோஷம் பிடித்தவர் பாடுகிற மாதிரி வந்தது. மாமி ரேடியோவைத் திருப்பிக் கேட்டுவிட்டாள். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போனீர்கள். யுத்தம் முடிந்த சமயம். பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டுப் போன சாமான்கள் அந்தத் தெருக் கடைகளில் மலையாகக் கிடந்தன. புதிதாகச் சீமையிலிருந்து வந்தவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் நம்மால் முடியும். ஆகவே பழசுகளைக் குவித்து வைத்திருந்த ஒரு குஜராத்திக் கடைக்குள் நுழைந்தோம்.

அவர் முதலில் காட்டியது மைதானத்தில் உத்தரவு போடுகிற ஒலிபெருக்கி. தந்தியைத் தொட்டதும் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. ராகம் எல்லாம் அறிவிப்பாக மாறிவிட்டது. நீங்கள் தலையை ஆட்டி வேண்டாம் என்றீர்கள். அடுத்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் தையல் மிஷின் மூடி அளவுதான். இரண்டுக்கும் ஒரே காப்பிப்பொடி நிறத் துணி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றே.

முதல் பெட்டியைப் போட்டார். நீங்கள் இன்னும் தந்தியைத் தொடவில்லை. அதற்குள் பெட்டி அடித்தொண்டையில் ம்ம்ம் என்று இரைய ஆரம்பித்துவிட்டது. மாவு மிஷின் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. கடைக்காரருக்கே கூச்சமாகிவிட்டது. "தோடா ஆவாஜ் ஹை, டீக் கர் தேங்கே" என்று, கொஞ்சம் இரைகிறது, சரிசெய்துவிடலாம் என்கிற அர்த்தத்தில், என்னிடம் சமாதானம் சொன்னார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து கேட்டீர்கள். பிறகு நிமிர்ந்து, "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. ஒரு சத்தம் இல்லை" என்றீர்கள்.

பேரம் பேசுகிற தந்திரமோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. கறிகாய்க்குச் சொன்ன "ஆமாம்", திரும்பிப் பார்க்காத பாத்திரச் சத்தம், சபையில் போட்ட கும்பிடு எல்லாம் ஒரே நிமிஷத்தில் எனக்குப் புரிந்துபோயின. கடைக்காரருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டாவது பெட்டியில் வாசித்தீர்கள். வாசிக்காதபோது அது இருக்கிற இடம் தெரியவில்லை. வாசித்தபோது ஒவ்வொரு ஸ்வரமும் கழுவித் துடைத்து வைத்தாற்போல வந்தது; வழுக்கிப் போய் நிற்கிற இடம்வரை கேட்டது. நீங்கள், "இதுவும் தேவலை. ஆனா முதல் பெட்டிக்குக் கனம் ஜாஸ்தி, அதையே எடுத்துக்கலாம்" என்றீர்கள். மூன்றாம் மனுஷர் முன்னால் நான் என்ன சொல்வது? "எனக்கு அந்த நிறம் பிடிக்கலை" என்றேன். கடைக்காரர் இந்தப் பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெட்டியைப் பார்த்தார், இரண்டாவதைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

கிராண்ட் ரோட்டில் ரயில் ஏறினோம். பெட்டி உங்கள் மடியில், கிட்டார் என் மடியில். வண்டி வேகம் எடுத்ததும், "ரெண்டும் ஒரே துணிதானேடி?" என்று கேட்டீர்கள்.

"ஆமா" என்றேன். "மொதப் பெட்டி போட்டதுலேர்ந்து இரைஞ்சுண்டே இருந்தது. உங்களுக்குக் கேக்கலை."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஒரு ஸ்டேஷன் வந்தது, போயிற்று. மறுபடி சக்கரச் சத்தம் எழுந்த பிறகுதான் பேசினீர்கள். "மொதல்ல கடல் போச்சு. மாஹிம் பக்கம் நின்னா அலை வரது தெரியும், சத்தம் இருக்காது. அப்புறம் நீ போனே. ஆபீஸ்ல தெரிஞ்சா டெலிபோன் இல்லாத மூலையிலே தள்ளிடுவான்னு யார்கிட்டயும் சொல்லலை. இந்தப் பெட்டி ஊருக்குக் கேக்கறதுக்கு இல்லடி. எனக்குக் கேக்கறதுக்கு."

என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று அந்த ரயிலிலேயே சண்டை போட்டேன். அத்தனை நாள் கோபப்பட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் வருத்தப்படுவதாக இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு அழுகை மிச்சமாகியிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த பார்ஸிக் கிழவர் நம் சண்டையை ரசித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நீங்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியாகப் பதில் சொன்னீர்கள்.

காது டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சுருதி எழுப்புகிற ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார், தெரியவில்லை என்றீர்கள். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தியதும் முகம் மலர்ந்து, "ஒரு கட்டை சுருதி, டாக்டர்" என்றீர்கள். அவருக்கு அது புரியவில்லை. காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிவிட்டது, மண்டை எலும்பு வழியாக நன்றாகவே கேட்கும் என்று விளக்கினார். ரயிலில் எல்லோரும் குரலை ஏற்றிப் பேசுவதால் அங்கே கேட்கிறதாம். மருந்து ஒன்றும் கிடையாது என்றார். நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நெற்றியைப் பெட்டியின் மேல் பதித்துக்கொண்டு தந்தியை மீட்டினீர்கள். அன்றைக்கு நீங்கள் வாசித்த தோடியைப் போல அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, அப்புறமும் கேட்டதில்லை.

அடுத்த நவராத்திரியில் உங்கள் வாசிப்பு கடைசி வரிசைவரை கேட்டது. "கேக்கலை" மாமாவே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பெரிதில்லை. கிட்டாரின் குழிக்குள் வாயை வைத்துப் பேசினால் பெட்டியில் என் குரல் வரும் என்று ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்ததே, அதுதான் பெரிது. நீங்கள் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொள்வீர்கள். நான் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு அன்றைய சமாசாரம் எல்லாம் சொல்வேன். மாவு மிஷின் பெட்டியை வாங்கியிருந்தால் என் பேச்சு முழுக்க அந்த இரைச்சலில் கரைந்து போயிருக்கும். ஒரு நாள் வால்யூமைக் கூட்டி வைத்திருந்ததைக் கவனிக்காமல் உங்கள் தங்கையின் கஞ்சத்தனத்தைப் பற்றி நான் விவரமாகச் சொன்னது மாடி முழுக்கக் கேட்டுவிட்டது. ஒரு வாரம் நான் குழாயடிக்குப் போகவில்லை. நீங்கள் நினைத்து நினைத்துச் சிரித்தீர்கள். ரயில் இல்லாமலே நமக்குப் பேச்சு வந்துவிட்டது. பெட்டி பக்கத்தில் இல்லாத நேரங்களில் நான் குரலை ஏற்றிப் பேசப் பழகிக்கொண்டேன்.

பிறகு அந்த டைபாய்டு. ஆஸ்பத்திரி வார்டில் பெட்டியும் கிடையாது, ரயிலும் கிடையாது. சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். நான் உங்களோடு பேச வாயைத் திறந்தாலே நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள். நீங்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். ஒரு மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. வார்டு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று குனிந்து, என் நெற்றியை உங்கள் நெற்றியில் வைத்து மெதுவாகப் பேசினேன். ஜுரத்தில் கொதித்தது உங்கள் நெற்றி. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அண்ணா வந்துகொண்டிருக்கிறான், வாசல் துளசியில் பூச்சி அரித்திருக்கிறது, நீங்கள் இல்லாமல் எனக்கு ராத்திரி பயமாக இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றேன். "நன்னாக் கேக்கறதுடி. இன்னும் சொல்லு" என்றீர்கள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் தூங்கிப் போனது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நீங்கள் கண் திறக்கவில்லை.

அண்ணா என்னை அம்பர்நாத்துக்கே வந்துவிடச் சொல்கிறான். போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் இப்போது எல்லோரிடமும் உரக்கப் பேசுகிறேனாம். குரலைத் தணிக்கச் சொல்லி மன்னி சைகை காட்டுகிறாள். நேற்று மூன்றாம் மாடி மாமாகூட, "எங்களுக்குக் காது கேக்கும்மா" என்றார். தெரிந்துதான் பேசுகிறேன். உங்களுக்காக ஏற்றிக்கொண்ட குரல் இது. இதை நான் இறக்கிவிட்டால், நீங்கள் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.