பேடு கட்டி உட்கார்ந்திருந்தவனுக்கு

அன்பு மாப்பிள்ளை சண்முகையாவுக்கு,

நீ போய் மூன்று ஐப்பசி கழிந்துவிட்டது. இந்த வைகாசியிலிருந்து நம் மில் ஹாக்கி அணியில் நான் இரண்டாவது கோல்கீப்பர். சிரிக்காதே. நேற்று சாயங்காலம் கோல் வலைக்குப் பின்னால், நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்பார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம் நாம் இருவரும் ஒரே நாளில் கோவில்பட்டி மில்லில் சேர்ந்தோம். இருவரும் கோல்கீப்பர்கள். இருப்பது ஒரு கோல். நான் உன்னைவிட அரையடி உயரம். அந்த அரையடிக்காக நான் உள்ளே நின்றேன், நீ வெளியே உட்கார்ந்தாய். அடுத்த வருஷமே என் தங்கை முத்துலட்சுமியை உனக்குக் கட்டிக்கொடுத்தோம். அதற்குப் பிறகும் நீ வெளியேதான் உட்கார்ந்திருந்தாய்.

ஆறு வருஷம், மாப்பிள்ளை. ஒரு நாளாவது, பந்தடி தாங்கும் அந்தப் பேடைக் காலில் கட்டாமல் உட்கார்ந்திருப்பாயா? சித்திரை வெயிலிலும் முழங்கால் வரை இறுக்கிக் கட்டியிருப்பாய். "யாருப்பா ஒன்னக் கூப்பிடப் போறா? அவுத்துப் போட்டுட்டுக் காத்தாட இரியேன்" என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள்.

"கட்டாம இருந்தா வேடிக்கைதான் பாப்பேன். கட்டிட்டு இருந்தாத்தான் ஆட்டத்தப் பாக்க முடியுது" என்பாய்.

பந்து நம் கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் வரும்போது உட்கார்ந்த இடத்திலேயே உன் கால் அசையுமாம். நான் முதுகு காட்டி நின்றதால் எனக்குத் தெரியாது. வேலியோரம் நின்ற ஜனம் என்னைப் பார்க்காமல் உன் காலைப் பார்க்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். உன் கால் போன பக்கம்தான் பந்து போகுமாம்.

மதுரை அரையிறுதியை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை, நேற்றுவரை யாரிடமும் சொன்னதுமில்லை. முதல் பாதியிலேயே பந்து பட்டு என் கட்டைவிரல் ஒடிந்தது. இடைவேளையில் மானேஜர் கை எப்படியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நீ தண்ணீர் கொண்டுவந்து குனிந்தாய்.

"வெரலு ஒடிஞ்சிருக்கு மச்சான்" என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒனக்கு உள்ள எறங்கணும்னு ஆசை. அதான் ஒனக்கு ஒடிஞ்சு தெரியுது" என்றேன்.

நீ ஒரு வார்த்தை மானேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தாய். மூன்று கோல் விட்டேன். திரும்பும் ரயிலில் உன் துண்டைக் கிழித்து என் விரலைச் சுற்றிக் கட்டினாய். ஏன் ஒன்றும் கேட்கவில்லை? அன்றைக்கு நீ என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் தூத்துக்குடி இறுதியாட்டம். பந்து என் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடியதால் பொய் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நீ எழுந்தாய். மண்ணைக்கூடத் தட்டிவிடவில்லை, நேராக உள்ளே போய் நின்றாய்.

நான் கோட்டுக்கு வெளியே ஈரத்துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அவர்களுடைய இடதுபுற ஆள் மட்டையை ஓங்குவதற்கு முன்பே நீ அங்கே இருந்தாய். பந்து உன்னைத் தேடி வந்து பேடில் மோதியது. முதல் தடவை ஜனம் கைதட்டியது. இரண்டாம் தடவை கொஞ்சம் தட்டியது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒருவரும் தட்டவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் பந்து பேடில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. உன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. தூரத்தில் யாரோ சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவன்போல் இருந்தாய்.

ஜெயித்தோம். அந்த இடதுபுற ஆள் என்னிடம் வந்து, "யாருண்ணே அவரு? நான் எங்க அடிக்கணும்னு நெனைக்கதுக்கு முந்தியே அங்கன நிக்காரே" என்று கேட்டான். அவன் உன் பக்கமே போகவில்லை.

என் புருவம் ஆறியது. நான் உள்ளே போனேன், நீ வெளியே போனாய். அந்த ஐப்பசியில் புதூருக்குப் பக்கத்திலுள்ள உன் ஊருக்கு விதைக்கப் போனாய். பட்டப்பகலில், கரிசல் காட்டின் நடுவில், உன் மேல் மின்னல் விழுந்தது. மழைகூட அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

பதினாறாம் நாள் முத்துலட்சுமி என்னிடம் கேட்டாள். "அண்ணே, ஆறு வருசமா வெளியவே உக்காந்திருந்தாவளே. தூத்துக்குடி போயிட்டு வந்தப்பகூட 'செயிச்சோம்'னு மட்டுந்தான் சொன்னாவ. நெசமாவே அவியளுக்கு ஆடத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பது ஒரு சாக்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. மறு வருஷ ஆட்டங்களில் என் பின்னால் ஒருவரும் இல்லை. ஆனால் நான் நினைப்பதற்கு முன்னால் என் கால் போயிற்று. இடது என்று என் புத்தி சொல்லும், கால் வலது போகும். பந்தும் வலதுதான் வரும். மூன்று வருஷம் அப்படி. ஜில்லாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று மாலை போட்டார்கள். ஒவ்வொரு மாலையின் போதும் பிடரியில் யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க மாட்டேன். மாலையை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

போன மாசம் அது நின்றுபோயிற்று. ஆட்டத்தின் நடுவில், ஒரு நிமிஷத்தில், என் கால்கள் வெறும் என் கால்களாகிவிட்டன. நான்கு கோல் விட்டேன். மறுவாரம் சாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஜெபமணியைக் கோலில் நிறுத்தி, என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

நேற்று எனக்குப் பேடு கட்ட மனசில்லை. ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏனோ கட்டினேன். கடைசிக் கொக்கியை மாட்டித் தலையை நிமிர்த்தினால், ஜெபமணி மட்டை ஓங்குமுன்பே நகர்கிறான். அந்தச் சாய்வு, அந்த நிதானம், தூத்துக்குடியில் நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

என்னை விட்டுவிட்டு அவனிடம் போய்விட்டாயா என்று ஆத்திரம் வந்தது. மெய்யாகவே வந்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். நாலு மணி வெயில். தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. என் வலதுபக்கம் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் மண் குளிர்ந்திருந்தது. மேலே மரமில்லை, மேகமில்லை. கையை எடுக்கவில்லை மாப்பிள்ளை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை. கடைசி விசில் ஊதும்வரை அப்படியே இருந்தேன். அப்புறம்தான் மண் சுடத் தொடங்கியது.

ஜெபமணி வேர்த்து விறுவிறுத்து வந்தான். "அண்ணாச்சி, பின்னால இருந்து 'வலது, வலது'ன்னு நீங்கதான சொன்னீங்க? நீங்க இல்லாட்டா இன்னைக்கு நாலு வாங்கியிருப்பேன்."

என் வாயில் 'ஆமா' வந்துவிட்டது. நாக்கு நுனி வரை. மூன்று வருஷ மாலைகளையும் அப்படித்தானே வாங்கினேன்?

"நான் இல்லப்பா" என்றேன்.

"பின்ன யாரு?"

உன் பெயரைச் சொன்னேன். தூத்துக்குடியைச் சொன்னேன். கட்டைவிரலையும் சொன்னேன். அவன் வலைக்குப் பின்னால் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அவியளுக்கு ஒங்க மேல கோவம் இல்லியா அண்ணாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. இருக்கிறதா?

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புதூர் போய், முத்துலட்சுமி இன்னும் இருக்கும் உன் ஊருக்குப் போகிறேன். முத்துலட்சுமியிடம், அவள் புருஷனுக்கு ஆடத் தெரியுமா என்ற கேள்விக்கு மூன்று வருஷம் கழித்துப் பதில் சொல்லப்போகிறேன். அவனை வெளியே உட்கார வைத்தது அவனுக்குத் தெரியாததால் அல்ல, அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துபோனதால் என்று சொல்வேன். கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தலாம். சாத்தினால் தெருவில் நிற்பேன். அவள் திறக்கும்வரை நிற்பேன். அதற்கு எத்தனை வருஷமானாலும் சரி.

இப்படிக்கு,
முத்துலட்சுமியின் அண்ணன்,
உன் மச்சான் பரமசிவன்