நிலா மண்ணுக்கு வந்த தாய்மாமன் சீர்

சிதம்பரம்

அன்பு மகள் வினோதினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சௌக்கியமாக இருப்போம். நேற்று போனில் நீ அழ நான் அழ, ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெயித்துவிட்டாய் கண்ணு! நிலாவிலிருந்து வந்த மண்ணில் நைட்ரஜன் பட்டால் ஒன்றும் ஆவதில்லை, நீராவி பட்டால்தான் துகளின் மேல்பரப்பு அரித்துப் பொடிப்பொடியாக ஓட்டை விழுகிறது, சூடாக்கித் தண்ணீரை விரட்டினாலும் அந்த ஓட்டை மூடாது என்று நீ சொன்னாய். காயவைத்தால் பழையபடி ஆகிவிடும், உன் அளவுதான் தப்பு, அதை ஆய்வேட்டிலிருந்து நீக்காவிட்டால் டாக்டர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் உன் பேராசிரியர். நீ நீக்கவில்லை. இப்போது வேறொரு ஆய்வுக்கூடத்திலும் அதே முடிவு வந்து, அந்த மனுஷரே எல்லார் முன்னாலும் நீதான் சரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா?

உடனே உன் மாமா ராஜவேலுக்குப் போன் போட்டேன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை குடோனில் உட்கார்ந்துகொண்டு, மண்ணை நோண்ட ஜெர்மனி வரைக்கும் போவணுமா என்று உன்னைக் கிண்டலடித்தவனாயிற்றே, விடுவேனா. மழைக்காத்து பட்ட சர்க்கரையைக் காயவெச்சா பழையபடி ஆவுமாடா என்று கேட்டேன். எப்படிக்கா ஆவும், கட்டியாத்தான் போவும் என்றான். சர்க்கரைக்குக் கட்டி, நிலா மண்ணுக்கு ஓட்டை, அதைத்தான் என் பொண்ணு நிரூபிச்சிருக்கா என்றேன். இன்று காலை பார்த்தால், கடலூரில் மேளக்காரர்களைப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நம் தெருமுனையில் இறங்குகிறான்! பட்டுப்புடவை, பழம், பூ என்று தட்டுத் தட்டாக, கூடவே ஒரு கட்டுக் கரும்பு. கல்யாணமா என்று எதிர்வீட்டு சௌந்தரம் கேட்டதற்கு, எங்க அக்கா பொண்ணு டாக்டராயிட்டா, தாய்மாமன் சீரு, கல்யாணத்துக்குத்தான் செய்யணும்னு எவன் சொன்னான் என்று நடுத்தெருவில் நின்று கத்தினான். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. உன் அப்பாவோ மணையில் உன் போட்டோவை வைத்து அதற்கு மாலை போடப் போனார். நல்லா இருக்கிற பிள்ளை படத்துக்கு மாலையா என்று ஒரு அதட்டல் போட்டேன். கடைசியில் அந்த மாலை என் கழுத்தில் விழுந்தது, தெருவே பார்த்துச் சிரித்தது.

புடவையைப் பார்சலில் அனுப்புகிறேன், பட்டம் வாங்கும்போது அதைத்தான் உடுத்த வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக்கு நீயும் பேராசிரியர் ஆவாய், அன்றைக்கு ஒரு பிள்ளை எதிரில் வந்து நின்று நீங்கள் சொல்வது தப்பு என்றால், கோபப்படாமல் அதன் கையில் இருக்கும் அளவை முதலில் வாங்கிப் பார். உன் பேச்சைக் கேட்க வைக்க நீ பட்ட பாடு இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

நீண்ட ஆயுசோடு, இதே பிடிவாதத்தோடு நன்றாயிரு.

இப்படிக்கு,
இன்று தெருவெல்லாம் தலை நிமிர்ந்து நடந்த உன் அம்மா,
லோகநாயகி